மணிமேகலை எங்கே?



2022-ஆம் ஆண்டு அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. சரஸ்வதி பூஜை. திண்டிவனத்தில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பலகை போட்டு, புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பேரப் பிள்ளைகளின் பாடநூல்கள் அடியில் கிடந்தன. அவற்றுக்கு மேலே பழுப்பேறிய ஐந்து பைண்டு புத்தகங்கள். முதுகில் காலிகோ துணி ஒட்டியவை. ஓரங்களை எலி ருசி பார்த்திருந்தது. கல்கி வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பிறகு பைண்டு போட்ட 'பொன்னியின் செல்வன்'.

பூஜை முடிந்தது. பொரியும் சுண்டலும் கைமாறின. 84 வயதான பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்குப் புஸ்தகம் படிக்கத்தான்டா கூடாது. சினிமா பாக்கலாமில்ல? கிளம்பு."

மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியாகி அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை வந்த படம். அந்த வாரம் ஊரெங்கும் அதே பேச்சு. பேருந்து நிலையத்து டீக்கடையில், "பெரிய பழுவேட்டரையர் யாரு, சின்னவர் யாரு" என்று ஒருவர் வகுப்பெடுக்க, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாவலைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் திருமலை என்றால் ஆழ்வார்க்கடியான் என்று சொல்லக் கற்றிருந்தார்கள்.

ஒரு படத்துக்காக ஜனங்கள் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு நாவல் படமாக வர வேண்டும் என்று மூன்று தலைமுறை காத்திருந்தது வேறு வகை. அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

பெரியம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, விழுப்புரம் சந்திப்பில் ரயில்வே ஊழியர். 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ல் கல்கி இதழில் அந்தத் தொடர்கதை தொடங்கியபோது பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையிலிருந்து வரும் ரயிலில் பத்திரிகைக் கட்டு இறங்கும். தாத்தா வேலை முடிந்து வரும்போது ஒரு பிரதியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவாராம். வீட்டில் பாட்டிக்கு எழுத்து தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களிலும் பலருக்குத் தெரியாது. அதனால் பன்னிரண்டு வயதுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி கீரை ஆய்வாள், இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அத்தியாயம் முடியும் இடத்தில் கதவு திறக்கும், யாரோ ஒருவரின் நிழல் விழும், யாரென்று தெரியாது. அவ்வளவுதான். மீதி அடுத்த வாரம்.

"அந்த ஆறு நாளும் நாங்க சும்மா இருந்தோம்னு நெனைக்கிறியா?" என்று பெரியம்மா கேட்பார். கிணற்றடியில் விவாதம் நடக்குமாம். நந்தினி நல்லவளா கெட்டவளா? வந்தியத்தேவன் பிழைப்பானா? குந்தவை அவனைக் கட்டிக்கொள்வாளா, இல்லை அரசியலுக்காகக் கைவிடுவாளா? கதையை எழுதிய கல்கி ஒரு அத்தியாயம் எழுதினால், விழுப்புரம் ரயில்வே குடியிருப்பின் கிணற்றடியில் நாலு அத்தியாயம் தயாராகிவிடும். மூன்றரை ஆண்டுகள், 1954 மே 16 வரை, இப்படியே ஓடியது. அந்த ஆண்டு டிசம்பர் 5-ல் கல்கி காலமானார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'பொன்னியின் செல்வன்' வாசகரைக் காக்க வைப்பதற்கென்றே நெய்யப்பட்ட கதை. காத்திருப்பு அதற்கு வெளியிலிருந்து வந்ததல்ல, பாவோடு ஊடாக உள்ளேயே ஓடுகிறது. வாராவாரம் காத்திருந்து படித்த கூட்டம், கதை முடிந்ததும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "இது சினிமாவா வந்தா எப்படி இருக்கும்?" என்று அடுத்த காத்திருப்பைத் தொடங்கிவிட்டது.

அந்தக் காத்திருப்பு 68 ஆண்டு நீடித்தது.

முதலில் ஆசைப்பட்டவர் எம்.ஜி.ஆர். 1958-ல் படமாக்கப்போவதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி என்று பெரிய பெரிய பெயர்கள் அடிபட்டன. திரைக்கதை எழுதும் வேலையில் ஓர் இளைஞரை உட்கார வைத்தார். பின்னாளில் 'முள்ளும் மலரும்' தந்த மகேந்திரன்தான் அவர். பிறகு எம்.ஜி.ஆருக்கு விபத்து, மாதக்கணக்கில் ஓய்வு. படம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றுவிட்டது. 1980-களின் இறுதியில் கமல்ஹாசன் முயன்றார். அப்போதே மணிரத்னமும் அந்தப் பேச்சில் இருந்தார். 2010-ஐ ஒட்டி மணிரத்னம் தானே இறங்கினார். விஜய், மகேஷ்பாபு பெயர்கள் வந்தன. செலவுக் கணக்கு கட்டுப்படியாகாமல் அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் 2019 டிசம்பரில் தாய்லாந்தில் படப்பிடிப்பு தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து அதையும் நிறுத்திப் பார்த்தது. ஆனால் இந்த முறை நிற்கவில்லை.

ஒவ்வொரு முறை அறிவிப்பு வந்தபோதும் வீட்டுக்கு வீடு நடிகர் தேர்வு நடந்தது. இந்த நாவலின் ரசிகருக்கு அதைவிட இன்பமான வேலை கிடையாது. என் தாத்தா காலத்தில் வந்தியத்தேவன் எம்.ஜி.ஆர். என் அண்ணன்மார் காலத்தில் கமலா, ரஜினியா என்று சண்டை. 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த விழாவில் ரஜினிகாந்தே மேடையேறி, பெரிய பழுவேட்டரையர் வேடத்தைத் தனக்குத் தரும்படி கேட்டதையும், மணிரத்னம் மறுத்துவிட்டதையும் சொன்னார். அரங்கம் சிரித்தது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் செய்த வேலையைத்தான் அவரும் தன் வீட்டில் செய்திருக்கிறார்.

சரி, இந்த ரசிகர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள்? கதை தெரியாதா? மனப்பாடமே. முடிவு தெரியாதா? ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொலையாவான் என்று தெரியாமலா டிக்கெட் எடுத்தார்கள்? சாதாரணப் படத்துக்குப் போகிறவர் அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கப் போகிறார். நாவலின் ரசிகர் தன் மனசுக்குள் ஏற்கெனவே ஓடி முடிந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதைத் திரையில் ஓடும் படத்தோடு ஒத்துப்பார்க்கப் போகிறார். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறவரைப் போல. எல்லை சரியாக இருக்கிறதா, ஓரடி குறைந்திருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

அதனால்தான் அந்த எதிர்பார்ப்புக்குள் பாதிக்குப் பாதி பயம் இருந்தது. டீசர் வந்த அன்றே சண்டை தொடங்கிவிட்டது. குந்தவையின் நகை இப்படியா இருந்திருக்கும்? கரிகாலனின் நெற்றியில் என்ன இருக்க வேண்டும்? நந்தினியின் கொண்டை ஓவியர் மணியம் வரைந்தது போல இல்லையே? முதல் முறை தொடர் வந்தபோது படம் வரைந்தவர் மணியம். அவர் தூரிகையில் பிறந்த முகங்களே லட்சக்கணக்கானோர் மனசில் நிலைத்துவிட்டன. குந்தவையாக நடித்த த்ரிஷாவும் நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராயும் ஒருவரோடு ஒருவர் போட்டியிட வேண்டியதில்லை. மணியத்தின் கோடுகளோடுதான் போட்டியிட வேண்டியிருந்தது.

இப்படி மனசுக்குள் ஒரு தனி உலகமே வளர, இது சரித்திர நாவல்தானே, மாயாஜாலக் கதை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றி அரச குலத்தில் ஓர் உயிர் போகும் என்று ஊரே நடுங்குவதும், குடந்தை சோதிடர் பாதி சொல்லிப் பாதி மறைப்பதும் அந்தக் கதையில் உண்டு. நந்தினி என்ற பெண்ணைச் சரித்திரத்தில் தேடினால் கிடைக்க மாட்டாள். ஆழ்வார்க்கடியானும் கிடைக்க மாட்டான். கல்வெட்டில் கிடைத்த நாலு பெயரை வைத்துக்கொண்டு கல்கி ஒரு தனி உலகத்தையே கட்டினார். படித்தவர்களுக்கு அது போய் வாழ்ந்துவிட்டு வந்த இடம்.

கடல் தாண்டியும் இதே கதை நடந்திருக்கிறது. கல்கியின் தொடர் முடிந்த அதே 1954-ல் இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியரின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகம் வெளிவந்தது. குள்ளர்களும் மந்திரவாதிகளும் உலவும் கற்பனை உலகம். பீட்டர் ஜாக்சன் அதைப் படமாக்கி 2001-ல் முதல் பாகத்தை வெளியிட்டபோது நாவல் வந்து 47 ஆண்டு ஆகியிருந்தது. படம் பெரும் வெற்றி. ஆனாலும் தீவிர வாசகர்களுக்கு இன்று வரை ஆறாத ஒரு மனக்குறை உண்டு. டாம் பாம்படில் என்ற பாத்திரத்தைப் படத்தில் அடியோடு விட்டுவிட்டார்கள். காட்டில் பாட்டுப் பாடித் திரியும் ஒரு விசித்திர மனிதன். கதை ஓட்டத்துக்கு அவன் தேவையில்லை. ஆனால் படித்தவர்கள் மனசில் அவன் இருந்தான்.

இந்த இடத்தில் மறுபடி பெரியம்மாவிடம் வருகிறேன்.

அன்றைக்குத் திரையரங்கில் கூட்டம் நெரிந்தது. கமல்ஹாசன் குரலில் கதை தொடங்கியது. ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் முரசு அதிர்ந்தபோது பக்கத்து இருக்கைப் பையன் விசிலடித்தான். பெரியம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கார்த்தி வந்தியத்தேவனாகக் குதிரையில் வந்ததும், "இவன் பரவாயில்லடா, குறும்பு இருக்கு" என்று என் காதில் சொன்னார். ஜெயராம் ஆழ்வார்க்கடியானாக வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நின்ற காட்சியில் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். கடம்பூர் மாளிகை வந்தது, போனது. இடைவேளையில் விளக்கு எரிந்தது.

"மணிமேகலை எங்கடா?" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை மணிமேகலை. அண்ணன் வாயால் வந்தியத்தேவனைப் பற்றிக் கேட்டுக் கேட்டே அவன் மேல் ஆசை வளர்த்துக்கொண்ட பெண். அவனோ குந்தவையை நினைத்துக்கொண்டிருப்பவன். அவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவும் துணிவாள். நாவலின் கடைசியில் அவன் மடியில் உயிரை விடுவாள். ஐந்து பாகக் கதையை இரண்டு படத்தில் அடைக்க வேண்டியவர்கள் அவளை விட்டுவிட்டார்கள்.

"அடுத்த பாகத்துல வருவாளா?" என்று கேட்டார். "தெரியல பெரியம்மா" என்றேன். 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் அவள் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 68 ஆண்டு பெரியம்மா காத்திருந்தது அருள்மொழிவர்மனுக்காக அல்ல, வந்தியத்தேவனுக்காகவும் அல்ல. பதினாறு வயதில் திண்ணையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்தபோது குரல் அடைத்து நின்றுபோனது மணிமேகலையின் சாவில்தான். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்களாம். யாருக்காக அழுதார்கள் என்று நமக்கென்ன தெரியும்? சொல்ல முடியாத ஆசையை மனசில் வைத்துக்கொண்டு வேறு வீட்டுக்கு வாழப்போன பெண்கள் அந்தத் திண்ணையில் எத்தனை பேரோ.

படத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாவலில் உண்மையான உத்தம சோழன் யாரென்பதில் ஒரு பெரிய திருப்பம் உண்டு. பூக்கட்டி விற்கும் சேந்தன் அமுதன்தான் அவன். படத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. இப்படிச் சுருக்காமல் முடியாது. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் கதை ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்றால் யாரையாவது கரையில் நிறுத்திவிட்டுத்தான் ஓடம் புறப்படும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு நாவலுக்காக ஊரே காத்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஊர் ஒன்றுக்காகக் காத்திருப்பதில்லை. அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ அத்தனை பொன்னியின் செல்வன் இருந்தது.

படம் வந்ததில் வேறொரு நன்மை நடந்தது. 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு மலிவுப் பதிப்புகள் பெருகின. படம் வந்த ஆண்டில் அவை புத்தகக் கடைகளில் குவிந்து கிடந்தன. தஞ்சைக்கும் பழையாறைக்கும் வீராணம் ஏரிக்கரைக்கும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சரி, அங்கே போகட்டும். நம் விழுப்புரம் பக்கத்துக்கு இந்தக் கதையில் என்ன இடம் என்று யாராவது கேட்டார்களா?

நாவலின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணம் ஏரிக்கரையில், குதிரையில் வருகிறான். எங்கிருந்து வருகிறான்? காஞ்சியிலிருந்து. காஞ்சிக்கும் வீராணத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? திண்டிவனம் இருக்கிறது, விழுப்புரம் இருக்கிறது. கல்கி கதையைத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் குதிரை நம் பக்கத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. கதை தொடங்கும் அந்த ஏரியையும் கல்கி திருமுனைப்பாடி நாட்டின் தென்பகுதி என்றுதான் அடையாளம் காட்டுகிறார். அது நம்முடைய நடுநாடு.

படத்தில் லால் நடித்த மலையமான், தென்பெண்ணைக் கரைத் திருக்கோவலூரின் தலைவர். அந்த ஊர் 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும் வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அருள்மொழிவர்மன் என்ற ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்ததும் குழந்தையைப் பிரிந்து அவள் தீப்புகுந்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. எண்ணாயிரம் என்ற ஊரில், ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரியைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. பக்கத்தில் எசாலத்தில் ராஜேந்திரனின் செப்பேடுகள் 1987-ல் கிடைத்தன.

இவை எல்லாவற்றையும்விட, திண்டிவனம் வட்டாரத்துத் தாதாபுரம். ராஜராஜபுரம் என்பது அதன் பழைய பெயர். தம்பி ராஜராஜனின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில் குந்தவை சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுப்பித்தாள். ரவிகுல மாணிக்க ஈசுவரம், குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம். பொன்னும் வெள்ளியும் முத்தும் கொடுத்ததைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இன்றும் நிற்கின்றன. ஜினாலயத்துக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

பெரியம்மா திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தாதாபுரம் போனதில்லை. இரண்டாம் பாகம் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். கோயிலில் கூட்டமில்லை. கருங்கல் சுவரில் எழுத்துகள் வரிவரியாக ஓடின. "குந்தவை பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். எனக்கு அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. விரலை ஒரு வரியின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். "இதுல எங்கயோதான் இருக்கா" என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோ சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்: "மணிமேகலைக்கு எங்கயாவது கல்வெட்டு இருக்காடா?"

"இல்ல பெரியம்மா. அவ கல்கி உண்டாக்கினவ."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வீடு வந்ததும் அலமாரியைத் திறந்து ஐந்தாவது பைண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"சினிமாவுலயும் இல்ல, கல்லுலயும் இல்ல. அப்ப அவ இதுல மட்டும்தான் இருக்கா. எலி கடிக்காம பாத்துக்க."